மூன்றாம் மாடிக்கு வணக்கம்

பெப்ரவரி 3

கிராமசபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள். மார்ச்சில் எழுத்துப் பரீட்சை. அதில் தேறினால் குடியுரிமைக் குழுவுக்கு முன்னால் நேர்முகம். அதிலும் தேறினால் நவம்பரில் ஊர்க்கூட்டம். ஊரிலுள்ள சுவிஸ் குடிமக்கள் மண்டபத்தில் கூடி, எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கை தூக்கி முடிவுசெய்வார்கள்.

இராசமலர் கடிதத்தைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள். அவளுக்கு இது சுவிஸ் அல்ல, லண்டன். எங்கள் மகள் வதனிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தம் சுத்திகரிக்கவேண்டும். அவளால் இங்கே வர முடியாது. நாங்கள் போவதற்கு இரண்டு முறை விசா கேட்டோம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். சுவிஸ் கடவுச்சீட்டு என்றால் விசாவே தேவையில்லை.

ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். இங்கே முதியோர் இல்லத்தில் துணி தோய்த்து ஓய்வுபெற்றேன். பரீட்சைக்குப் பயமில்லை. பரீட்சைதான் என்னைப் பார்த்துப் பயப்படவேண்டும்.

பெப்ரவரி 10

காலையில் பாடம். இந்த நாட்டுக்கு ஏழு மந்திரிகள் என்றதும் இராசமலருக்குத் தலை சுற்றுகிறது. உதாரணம் சொன்னேன்.

"கோயில் நிர்வாகசபையை நினைச்சுக்கொள். ஏழு பேர். வருசத்துக்கு ஒருத்தர் மாறி மாறித் தலைவர். ஒருத்தரும் பெரிய ஆளில்லை."

"கோயிலிலை எல்லாரும் பெரிய ஆக்கள்தானே."

"அதுதான் அங்கை அடிபாடு, இஞ்சை இல்லை."

பின்னேரம் பால் வாங்கிக்கொண்டு வரும்போது லிஃப்டில் மூன்றாம் மாடி நின்றது. நான் முதலாம் மாடி. அது பொத்தான்களைப் பார்த்தது. நான் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று எழுதியிருக்கும் தகட்டை வாசித்தேன். அதை எனக்குப் பாடமாகத் தெரியும்.

மூன்றாம் மாடி என்று நான் எழுதுவது ஒரு மனிதரை. பெயர் எழுத விருப்பமில்லை. இந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிர இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பம் அவர்கள். பதினெட்டு வருடமாகக் கோபம், பேச்சுவார்த்தை இல்லை. வதனி பெரியபிள்ளையான சடங்குக்கு, சாமத்தியவீட்டுக்கு, முறையாகச் சொல்லியும் அவர்கள் வரவில்லை. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

ஒன்றிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பே அவருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. டாய்ச்சில், அதுதான் இந்த ஊர் ஜெர்மன் மொழியில், ஒரு வசனத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாத மனிதர். எப்படித் தேறினாரோ, கிராமசபைக்கே வெளிச்சம்.

பெப்ரவரி 17

எங்கள் தோய்ப்பு நாள். கட்டடத்துக்கு ஒரே சலவை அறை. வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை. காலையில் நிலவறைக்குப் போன இராசமலர் மத்தியானம்தான் மேலே வந்தாள். யந்திரம் பழசாம், சுற்ற நேரமெடுக்கிறதாம். நாளைக்கு மூன்றாம் மாடியின் முறை. அவர்களுக்கும் அதே யந்திரம்தானே, அனுபவிக்கட்டும்.

மீன்குழம்பு அபாரம். மிளகாய்த்தூள் புதிது, நல்ல வறுவல். சூரிச் கடையில் வாங்கினாளாம். அவள் எப்போது சூரிச் போனாள் என்று எனக்கு ஞாபகமில்லை. வயதாகிறது.

பெப்ரவரி 26

ஊர்ப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பரீட்சையில் ஓடையின் பெயர், பழைய ஆலை, தேவாலயம் கட்டிய ஆண்டு எல்லாம் கேட்பார்களாம். மேற்குப் பக்கத்தில் ஒரு விசித்திரம். சூட்டர் சகோதரர்களின் பண்ணைகள் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பெருந்தெருவிலிருந்து ஒரே திசையில் இரண்டு பாதைகள், நடுவில் ஒரு வேலி. ஒரு பாதை போதுமே, ஏன் இரண்டு? மாணவனாக இருந்தால் கை உயர்த்திக் கேட்டிருப்பேன்.

வழியில் கண்ட அனைவருக்கும் "குறுயெட்சி" சொன்னேன். இந்த ஊர் வணக்கம் அது. பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை. குறுயெட்சி திருமதி வேர்ன்லி. குறுயெட்சி திரு ஃப்ரை. அவர்கள் பாதிப்பேர் என் பெயரைச் சொல்ல முயல்வதில்லை. "அருளம்பலம்" அவர்களுக்கு நீளம். பரவாயில்லை.

மார்ச் 14

பரீட்சை முடிந்தது. எனக்கு ஒரே ஒரு பிழை. இராசமலரும் தேறிவிட்டாள். மந்திரிகள் கேள்விக்குச் சரியாக ஏழு என்று எழுதியிருக்கிறாள்.

மார்ச் 15

வதனி போனில். "அப்பா பாஸோ?" என்றாள். குரல் மெலிந்திருந்தது. பின்னால் ஏதோ யந்திரத்தின் கீச்சொலி. நான் மதிப்பெண்ணைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இடையில் ஒரு முறை மூச்சு வாங்கினாள்.

ஏப்ரல் 22

நேர்முகம். இதை ஆற அமர எழுதவேண்டும்.

ஐந்து பேர். தலைவி திருமதி வேர்ன்லி. ஓரத்தில் பெரிய சூட்டர், கையில் மாட்டுப்பண்ணை மணம், முகத்தில் வெறுப்பு. முதல் கேள்வியே அவருடையது.

"இத்தனை வருடம் இல்லாத ஆசை இப்போது ஏன்? கடவுச்சீட்டுக்காகவா?"

"மகளைப் பார்க்கவேண்டும்" என்றேன். உண்மை அதுதானே.

"அப்படியானால் எங்கள் ஊர் உங்களுக்கு விமான நிலையம்" என்றார். ஒருவர் சிரித்தார்.

நான் பொறுமையாக ஓடையின் பெயரிலிருந்து ஊர்ச் சங்கங்கள்வரை சொன்னேன். தலைவி தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு, ஊரில் யார் யாரைத் தெரியும் என்று கேட்டார். அஞ்சல் கொண்டுவருபவர், வெதுப்பகத்து அம்மா, எதிர்வீட்டு ஹுன்சிக்கர் அம்மா என்று வரிசையாகச் சொன்னேன். அவர்களின் நாய்களின் பெயரையும் சொன்னேன்.

"திரு குணநாயகம்?" என்றார் தலைவி.

அந்தப் பெயரை ஒரு வெள்ளைக்கார அம்மா இவ்வளவு திருத்தமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரியாது" என்றேன்.

பக்கத்தில் இராசமலர் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"உங்கள் கட்டடத்தில் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாக."

"அப்படியா."

சூட்டர் முன்னால் குனிந்தார். "லிஃப்டில் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்கிறீர்கள் என்று ஊரே சொல்கிறது. இந்த ஊரில் வணக்கம் சொல்லாமல் யாரும் யாரையும் கடந்து போவதில்லை. உங்கள் சொந்த ஆளையே தெரியாது என்கிறீர்கள். எங்களை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

தலைவி பேனையை மூடி வைத்தார். முடிவை ஒத்திவைக்கிறார்களாம். ஜூனில் மறுபடியும் வரவேண்டுமாம்.

தெரியாது என்றது பொய்யல்ல. உதாரணமாக, பதினெட்டு வருடத்துக்கு முன் வாசித்த புத்தகத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 23

இராசமலர் காலையில் தேத்தண்ணீர் தரவில்லை. நானே போட்டேன். சீனி கூடிவிட்டது.

மத்தியானம் வெடித்தாள்.

"தெரியாதாம்! அந்த மனிசன் எங்கடை கதவுக்கு எத்தினை ஆணி அடிச்சிருக்கும்? வந்த புதுசிலை ஆர் உங்களுக்கு வேலை எடுத்துத் தந்தது?"

"பழங்கதை கதைக்காதை. பிள்ளையின்ரை சடங்குக்கு வராதவன்."

"ஏன் வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ? எல்லா வீட்டுக்கும் வெத்திலை பாக்கோடை போய்ச் சொன்னியள். மேல் வீட்டுக்கு மட்டும் கார்ட்டைத் தபால் பெட்டிக்குள்ளை போட்டிட்டு வந்தனீங்கள். பீட்சாக் கடை நோட்டீஸ் மாதிரி."

"இந்த நாட்டிலை எல்லாம் பெட்டியிலைதான் வரும்."

"இந்த நாட்டு வழக்கம் அவைக்கு மட்டும்தானோ? லிஃப்ட் இருந்ததப்பா! ஒரு பொத்தானை அமத்த விரல் இல்லாமப் போச்சே!"

கோபத்தில் இருப்பவர்களோடு வாதாடக்கூடாது என்பது என் வகுப்பறை விதி. அன்று எனக்கு நேரமில்லை என்பதுதான் உண்மை. அல்லது மழை. ஏதோ ஒன்று.

இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னாள். "உங்கடை கோபத்தை நீங்கள் வைச்சிருங்கோ. என்ரை பிள்ளை ஊசியோடை படுத்திருக்கு. அதுக்கு நான் என்ன சொல்ல?"

மே 2

இராசமலர் ஒரு திட்டம் கொண்டுவந்தாள். தெருவில், ஊர் பார்க்க, நானும் மூன்றாம் மாடியும் வணக்கம் சொல்லவேண்டுமாம். அவ்வளவுதானாம்.

"அவன் சம்மதிக்கமாட்டான்."

"சம்மதம்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தவமணியக்காவை லிஃப்டிலை கண்டனான். முகத்திலை தெரிஞ்சுது" என்றாள்.

தவமணி அந்த மனிதரின் மனைவி. ஒரு முகத்தில் இவ்வளவு விபரம் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் என் நிபந்தனையைச் சொன்னேன். தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். டாய்ச்சில் மட்டும் வணக்கம்.

பின்னேரமே பதில் வந்தது. அவரும் அதே நிபந்தனையைத்தான் வைத்திருந்தாராம். திருட்டுப் புத்தி.

மே 6

முதல் வணக்கம். பின்னேரம், வெதுப்பகத்துக்கு முன்னால், சனம் நிற்கும் நேரம்.

"குறுயெட்சி திரு அருளம்பலம்" என்றார், ஏதோ கசப்பு மருந்தைத் துப்புவதுபோல.

"குறுயெட்சி திரு குணநாயகம்" என்றேன்.

கை கொடுத்தார். கொடுத்த கையை நசுக்கினார். நானும் விடவில்லை. முப்பது வருடம் ஈரத்துணி பிழிந்த கை இது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். ஹுன்சிக்கர் அம்மா நாயை நிறுத்திவைத்துப் பார்த்தார்.

விரல் வீங்கிவிட்டது. இராசமலர் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். மறுபக்கம் திரும்பிச் சிரித்ததாக எனக்கு ஒரு ஐயம்.

மே 19

இன்று ஐந்தாவதோ ஆறாவதோ வணக்கம். "இன்றைக்கு வெயில் நன்றாக இருக்கிறது" என்று ஒரு வசனம் கூட்டினார். வினைச்சொல் இடம்மாறி நின்றது. திருத்தவேண்டும்போல் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். பதிலுக்கு, "ஆம், ஆனால் மாலையில் மழை பெய்யும் என்று வானொலி சொன்னது" என்று துணைவாக்கியத்தோடு சொன்னேன். அவர் முகம் கறுத்தது. நல்ல நாள்.

ஜூன் 11

இரண்டாவது நேர்முகம். தலைவி அதே பெயரைக் கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

"அன்று ஏன் தெரியாது என்றீர்கள்?"

தயாரித்த பதிலை விட்டுவிட்டேன். "எங்களுக்குள் கோபம்" என்றேன். "எங்கள் ஆட்களிடம் கோபம் என்றால் முழுக் குடும்பமும் பேசாது. வருடக்கணக்கில்."

"வெதுப்பகத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் மல்யுத்தம் செய்வதைப் பார்த்தேன்" என்றார் சூட்டர். "அது நாடகம். ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்வேன்."

மூன்றுக்கு இரண்டு என்று சிபாரிசு செய்தார்கள். இனி நவம்பர்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. ஊர்க்கூட்டத்தில் சுவிஸ் குடிமகன் எவனும் எழுந்து பேசலாம், கை தூக்கலாம். மூன்றாம் மாடியும் சுவிஸ் குடிமகன்.

ஆகஸ்ட் 8

வதனியை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். தோளில் போட்ட குழாயில் கிருமி. மருமகன் வீடியோவில் காட்டினார். இராசமலர் திரையைத் தடவினாள். அழைப்பு அறுந்துவிட்டது.

ஆகஸ்ட் 9

தோய்ப்பு நாள் அல்ல. ஆனாலும் இராசமலர் வெகுநேரம் சலவை அறையில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. சவர்க்காரத் தூள் பட்டதாம். கையில் ஒரு சட்டி நிறைய ஒடியல் கூழ். யார் தந்தது என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு குடித்தேன்.

ஆகஸ்ட் 20

வதனி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நவம்பர் 26

இன்று கூட்டம். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். எங்களையும் ஒரு போர்த்துக்கல் தம்பதியையும் எழுப்பி நிறுத்திப் பெயர் வாசித்தார்கள். ஊர் முழுக்க எங்களைப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர், "இன்னும் எத்தனை பேரோ" என்றார், கேட்கவேண்டும் என்றே. அவருக்கு மூன்று வரிசை முன்னால் நீலக் கோட்டில் மூன்றாம் மாடி. என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நடைபாதையில் சின்னப்பிள்ளைகளின் வாங்கு. முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தோம். முதலில் சூட்டரின் குரல், நீளமாக. யாரோ கைதட்டினார்கள். இராசமலர் என் முழங்கையைப் பிடித்தாள்.

அடுத்து இன்னொரு குரல். வினைச்சொல் இடம்மாறிய டாய்ச்.

"அவன்" என்றேன். "முடிஞ்சுது."

இராசமலர், "பொறுங்கோ" என்றாள்.

சொற்கள் விளங்கவில்லை. குரல் மட்டும் ஏறியிறங்கியது. கோபமான குரல்தான், சந்தேகமில்லை. திடீரென்று மண்டபம் முழுக்கச் சிரித்தது. என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். காது சுட்டது.

கதவு திறந்தது. கைதட்டினார்கள். ஏற்றுக்கொண்டார்களாம்.

நவம்பர் 27

ஹுன்சிக்கர் அம்மா வாசலில் மறித்து முழுவதையும் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

சூட்டர், எங்களை நிராகரிக்கவேண்டும் என்று பிரேரித்தாராம். தன் ஆட்களோடே பேசாதவர் எங்களோடு எப்படி வாழ்வார் என்று கேட்டாராம். அதற்குத்தான் கைதட்டல். அப்போது திரு குணநாயகம் எழுந்தாராம்.

"எனக்கு இந்த மனிதரைப் பிடிக்காது. பதினெட்டு வருடமாகப் பிடிக்காது. எல்லாரையும் திருத்துவார். தன் பிழையை மட்டும் பார்க்கமாட்டார். ஆனால் தெரியாதவனோடு யாரும் பேசாமல் இருப்பதில்லை. இப்படிப் பேசாமல் இருக்க, முதலில் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கவேண்டும். இது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். ஊருக்கு இதில் என்ன வேலை? திரு சூட்டர், உங்கள் தம்பியோடு நீங்கள் கடைசியாகப் பேசியது எப்போது? உங்கள் வயலுக்கு ஏன் இரண்டு பாதை?"

அங்கேதான் மண்டபம் சிரித்ததாம். தம்பி சூட்டர்தான் பெரிதாகச் சிரித்தாராம். பெரிய சூட்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாராம். வாக்கெடுப்பில் கையே தூக்கவில்லையாம்.

"எதிர்த்து ஒரே ஒரு கைதான்" என்றார் ஹுன்சிக்கர் அம்மா.

"யார்?"

"திரு குணநாயகம்" என்றார். இன்னும் திகைப்புத் தீராத முகம். "அவ்வளவும் பேசிவிட்டு, எதிர்த்துக் கை தூக்கினார். நன்றாக உயர்த்தி."

எனக்கு ஒரு திகைப்பும் இல்லை. நான் அவனுடைய இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

நிம்மதி. எதிர்த்துத்தானே கை தூக்கினான். நான் அவனுக்கு எந்த நன்றியும் சொல்லத் தேவையில்லை.

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பர் 5

இனி வணக்கம் தேவையில்லை. லிஃப்டில் கண்டேன். அவர் பொத்தான்களைப் பார்த்தார், நான் தகட்டைப் பார்த்தேன். முதலாம் மாடியில் கதவு திறந்தபோது நான் உடனே இறங்கவில்லை. கதவு மறுபடி சாத்தப் பார்த்தது. அவர் காலை நீட்டி மறித்தார். இறங்கினேன்.

மே 12

மாநில அரசின் கடிதம் மார்ச்சில் வந்தது. கடவுச்சீட்டுகள் இன்று வந்தன. சிவப்பு. இராசமலர் முகர்ந்து பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு லண்டன் விமானம் பதிவுசெய்தோம். வதனி போனில் அழுதாள். நான் அங்குள்ள காலநிலை பற்றி விசாரித்தேன்.

மே 14

"போக முன்னம் ஆக்களைக் கூப்பிட்டு ஒருநேரச் சோறு குடுக்கவேணும்" என்றாள் இராசமலர். கடையில் பூப்போட்ட அழைப்பு அட்டைகள் வாங்கி, டாய்ச்சில் அழகாக எழுதினேன். ஹுன்சிக்கர் அம்மா, வேர்ன்லி அம்மா, போர்த்துக்கல் தம்பதி. தம்பி சூட்டருக்கும் ஒன்று.

கடைசியாக ஓர் அட்டை மிஞ்சியது. அதைத் தமிழில் எழுதினேன்.

மே 15

காலையில் இராசமலர் சலவை அறைக்குப் போனாள். எங்கள் நாளல்ல. விமானத்துக்கு உடுப்புத் தோய்க்கவேண்டுமாம்.

அட்டைகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கட்டடத்துத் தபால் பெட்டிகள் வாசலில் வரிசையாக இருக்கின்றன. ஹுன்சிக்கர் அம்மாவின் அட்டையை எதிர்வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். குணநாயகம் என்று எழுதிய பெட்டிக்கு முன்னால் நின்றேன். அதன் வாய் அகலமானது. அட்டை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். யாரும் பார்க்கவில்லை.

லிஃப்டில் ஏறினேன். மூன்றாவது பொத்தானைக் கடைசியாக எப்போது அமத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

அவர்களுடைய வாசலில் பாய் விரித்திருந்தது. பாயில் சோடி சோடியாகச் செருப்புகள். அதில் ஒரு சோடி நீலம், இடது குதி தேய்ந்தது. எட்டு வருடமாக எங்கள் வாசலில் நான் தடக்கி விழும் செருப்பு. உள்ளே குசினியில் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம். மிளகாய் வறுக்கும் மணம் கதவுக்கு வெளியேயும் அடித்தது. தும்மல் வந்தது. மணி அடிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

குணநாயகம் கதவைத் திறந்தார். சாரமும் பனியனும். என்னைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"தபால் பெட்டி கீழை கிடக்கு, மாஸ்டர்" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அவர் என்னோடு பேசிய முதல் தமிழ் வசனம்.

"தெரியும்" என்றேன். "அதுதான் மேலை வந்தனான்."

அவர் அட்டைக்குக் கை நீட்டவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. குசினியில் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. நான் குனிந்து செருப்பைக் கழற்றி, நீலச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.